கழித்துத் தேடிய வேலை

ஆளுக்கு வேலை தேடிக் கொடுப்பதும் வேலைக்கு ஆள் தேடிக் கொடுப்பதும் நம் தொழில். இந்த அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குத் தேடும் முறையைப் பற்றி நான் எழுதித் தர வேண்டுமாம். இப்போது உங்கள் கணினியில் நீங்கள் பாதி எழுதும்போதே மீதியை அது எழுதிவிடுகிறது. நான் ஓய்வுபெறும் சமயத்தில்தான் அந்த வசதி வந்தது. அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒவ்வொரு சொல்லாக யோசித்துப் போட்டுத் தேடிய பழைய முறை. அதையும் எங்கே வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். அதனால் நான் ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜின் மாடியில் பிரவுசிங் சென்டர் ஒன்று இருந்தது. தட்டச்சுப் பள்ளியில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த நான், அந்தப் பள்ளியை மூடிய பிறகு அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். வாசலை ஒட்டி எனக்கு ஒரு மேசை, ஒரு கணினி. ‘இன்டர்நெட்டில் வேலை தேடித் தரப்படும்’ என்று முதலாளி பலகை எழுதி மாட்டியிருந்தார். ஊரில் கணினியைத் தொட்டே பார்க்காதவர்கள் நிறையப் பேர் அந்தப் பலகையைப் பார்த்துப் படியேறி வந்தார்கள்.

ஆரம்பத்தில் எனக்கும் சரியாகத் தேடத் தெரியாது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு லாரி டிரைவர் வந்தார். சொந்த லாரியை விற்றுவிட்டு, சம்பளத்துக்கு ஓட்டக் கேட்டு வந்தவர். நான் ‘டிரைவர்’ என்று அடித்துத் தேடினேன். வந்ததெல்லாம் பெங்களூர் கம்பெனிகள். டிரைவர் எழுதத் தெரிந்த இன்ஜினியர்கள் தேவை என்று இருந்தது. படித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “எழுதணுமா? ஓட்ட வேணாமா?” என்று கேட்டார். பிரிண்டர் போன்ற கருவிகளைக் கணினியோடு இணைக்கிற நிரலுக்கும் அதே பெயர் என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது.

அதன் பிறகுதான் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். பூலியன் தேடல் என்று அதற்குப் பெயர். இரண்டு சொல்லும் இருக்கவேண்டும் என்றால் நடுவில் ‘அண்ட்’. இது இல்லாவிட்டால் அது என்றால் ‘ஆர்’. இன்ன சொல் இருக்கிற விளம்பரமே வேண்டாம் என்றால் ‘நாட்’, அல்லது சொல்லுக்கு முன்னால் ஒரு மைனஸ் குறி. சொற்கள் அதே வரிசையில் வேண்டுமென்றால் மேற்கோள் குறிக்குள் போடவேண்டும். அவ்வளவுதான் வித்தை. அந்த லாரி டிரைவருக்கு ‘சாஃப்ட்வேர்’ என்ற சொல்லைக் கழித்துவிட்டுத் தேடியபோது நாமக்கல்லில் வேலை கிடைத்தது. அவர் போனபிறகு நான் கொஞ்சம் கர்வத்தோடு இருந்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் தாமோதரன் வந்தார்.

நாற்பதைத் தாண்டியவர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் நாமம். செல்லூரில் ஒரு சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். வாடிக்கையாளர் ஒரு சாம்பிள் துண்டைக் கொடுத்தால் அதே நிறம் நூலில் வருவதற்கு என்னென்ன சாயத்தை எவ்வளவு சேர்க்கவேண்டும் என்று முடிவு செய்கிற ஆள். நகக்கண்களில் எத்தனை கழுவினாலும் போகாத நீலமும் சிவப்பும் இருந்தன. மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பங்களில் சாயத் தொழில் தெரிந்தவர்கள் நிறைய; இவரும் அந்த வழியில் வந்தவர்தான்.

“வேற வேலை பார்க்கணும் மேடம். வெளியூரா இருந்தாலும் பரவாயில்ல” என்றார்.

எனக்கு உற்சாகமாக இருந்தது. இதுபோல் தெளிவான தொழில் தெரிந்த ஆள் வருவது அபூர்வம். ஒரே வேலையை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயரில் போடும் என்பதால் ‘டையிங் மாஸ்டர்’, ‘கலர் மேட்சிங்’, ‘வெட் பிராசசிங்’ எல்லாவற்றையும் ‘ஆர்’ போட்டு ஒரு அடைப்புக்குள் வைத்தேன். திருப்பூர், கரூர், ஈரோடு என்று ஊர்களை இன்னொரு அடைப்புக்குள் வைத்தேன். திரை நிறைய வேலைகள் வந்தன. இப்போது வாங்குவதைவிட நல்ல சம்பளம், சில இடங்களில் வீடும் உண்டு.

அவர் எதையும் பார்க்கவில்லை. “இது எதுவும் வேணாம் மேடம். டையிங் இல்லாம பாருங்க” என்றார்.

“அண்ணே, உங்க வேலையே அதுதானே?”

“அலுத்துப்போச்சு. வேற ஏதாச்சும் பாருங்க.”

‘டையிங்’கைக் கழித்தேன். துணிக்கடை வேலைகள் வந்தன. “கலர் பார்க்கிற வேலை வேணாம்” என்றார். ‘கலர்’ கழிந்தது. தரப் பரிசோதனை வேலைகள் வந்தன. “இன்ஸ்பெக்‌ஷன் வேணாம்.” பிரிண்டிங் வேண்டாம். வண்டி ஓட்டவேண்டிய வேலை வேண்டாம். ஒவ்வொரு சொல்லாக மைனஸ் போட்டுக்கொண்டே வந்ததில் கடைசியில் பக்கம் வெறுமையாக நின்றது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. “நாளைக்கு வாரேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

சாப்பாட்டு நேரத்தில் வருவார். நான் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தால் உள்ளே ஒரு கணினியில் உட்கார்ந்து தானே தேடிப் பழகுவார். இரண்டு மூன்று வாரம் போயிருக்கும். பில் போடுவதற்காக அவருக்குப் பின்னால் போய் நின்றேன். ஒரு விளம்பரத்தைத் திறந்து, திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்துப் படித்து, மூடிவிட்டு, கொஞ்ச நேரத்தில் அதே விளம்பரத்தை மறுபடி திறந்தார். பிறகு மறுபடியும். ஒருமுறை திறந்து பார்த்த வரி நீலத்திலிருந்து ஊதாவாக மாறிவிடும் என்பது அங்கே வருகிற பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

“அண்ணே, இதை இப்பத்தானே பார்த்தீங்க. பாருங்க, ஊதாவா மாறியிருக்கு” என்றேன்.

அவர் விரல் மவுஸின் மேலேயே நின்றது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “மாறியிருக்கா?” என்று கேட்டார்.

டையிங் மாஸ்டர் ஒருவர் அப்படிக் கேட்கிறார். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவராகவே சொன்னார். போன வருடம் ஒருநாள் பட்டறை ஜன்னலோரம் இரண்டு துண்டுகளை வைத்துக்கொண்டு எல்லாரும் வேறு வேறு சிவப்பு என்று பேசிக்கொண்டிருக்க, அவருக்கு மட்டும் இரண்டும் ஒன்றாகத் தெரிந்ததாம். கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்பு காய்ந்துகொண்டே வருகிறது, மருந்தில்லை, முதலில் நிறம் போகும், பிறகு மற்றதும் போகும் என்று சொல்லிவிட்டார்கள்.

“அப்ப வேலையை எப்படிப் பார்க்குறீங்க?”

“எந்த ஷேடுக்கு எது எம்புட்டுன்னு மனசுல இருக்கு. பழைய ஷேடு வந்தா சமாளிச்சிடுவேன். புது ஷேடு வந்தா, யாராச்சும் பக்கத்துல நின்னா, ‘எப்படி இருக்கு?’ன்னு அவங்ககிட்டயே கேட்டுக்குவேன். மாஸ்டர் நம்மளைப் பரீட்சை பண்றாருன்னு நினைச்சுக்குவாங்க.” கொஞ்சம் சிரித்தார். “வீட்டுக்குத் தெரியாது மேடம். முதலாளிக்கும் தெரியாது. தெரியறதுக்குள்ள வேற ஒண்ணுல உக்காந்துரணும்.”

நான் யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். அதில் எனக்குத் தயக்கம் இருந்தது. கொதிக்கிற தொட்டிகளுக்கு நடுவே நடமாடுகிற மனிதர். ஆனால் நம்மிடம் வேலை தேடி வருகிறவர் தன்னைப் பற்றிச் சொல்வது அவருடைய சொத்து. அதை எடுத்துச் செலவழிக்க நமக்கு உரிமையில்லை என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். இதையெல்லாம் வெளியே சொல்லப் பிறகு அவரிடமே அனுமதி வாங்கிக்கொண்டேன். அதே சமயம் அந்த வாக்கு எவ்வளவு சீக்கிரம் சோதனைக்கு வரும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

அடுத்த வாரமே ஒரு பெண் படியேறி வந்தாள். மூச்சு வாங்க நின்று, “இங்க தாமோதரன்னு ஒருத்தர் வருவாராக்கா? நான் அவர் வீட்டுக்காரி. நிர்மலா” என்றாள். நான் பதில் சொல்வதற்குள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கோபமாக வந்தவள் மாதிரி தெரிந்தது. பேச ஆரம்பித்ததும் அது பயம் என்று புரிந்தது.

“டெய்லி இங்க வாராருன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க. சரியா சாப்பிடுறதில்ல. எங்ககூடப் பேசுறதில்ல. மகள் ஏதாச்சும் காட்டினா பார்க்காமலே நல்லாருக்குன்னுட்டுப் போறார். எங்களை விட்டுட்டு எங்கயாச்சும் வெளிநாடு போகப் பார்க்குறாராக்கா? உள்ளதைச் சொல்லுங்க.”

ஒரே வாக்கியத்தில் அவள் பயத்தைத் தீர்த்துவிடலாம். ஆனால் அந்த வாக்கியம் அதைவிடப் பெரிய பயத்தைக் கொடுக்கும். கொடுப்பது என் வேலையுமில்லை. பொய் சொல்லி அனுப்பினால், பிறகு அவள் யாரை நம்புவாள்?

“உங்களை விட்டுப் போறதுக்கு அவர் தேடலம்மா. அம்புட்டுதான் நான் சொல்ல முடியும். மத்ததை அவர் வாயால கேளுங்க. இப்ப வர்ற நேரந்தான். இங்கயே இருங்க” என்றேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். பெஞ்சுக்கும் என் மேசைக்கும் நடுவே நடக்க ஓர் ஆள் போகிற இடம்தான் உண்டு. மனைவியின் முழங்காலில் அவர் வேட்டி உரசியது. “மன்னிச்சுக்கங்கம்மா” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, என்னிடம் திரும்பி, “மேடம், கரூர்ல குடோன் வேலைக்குப் போட்டோமே, பதில் வந்துச்சா?” என்று கேட்டார்.

நிர்மலாவின் கை பாதி எழுந்து அப்படியே நின்றது. கூப்பிடப் போனவள் கூப்பிடவில்லை. அவர் உள்ளே போய் நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்ததையும், திரையில் மூக்கு படுகிற மாதிரி குனிந்ததையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. மேசை மேலிருந்த காகிதங்களை அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன்.

பிறகு அவள் எழுந்து போய் அவர் தோளில் கை வைத்துத் தங்கள் வீட்டு மொழியில் ஏதோ சொன்னாள். அவர் உடம்பு அதிர்ந்தது. எங்கே உட்கார்ந்திருந்தாய் என்று கேட்டிருப்பார் போல. அவள் பெஞ்சைக் காட்டினாள். காட்டிய பிறகு, அவர் கண்ணுக்கு அது தெரியாது என்று உறைத்து, கையை இறக்கிக்கொண்டாள். சௌராஷ்டிர மொழி எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் அவர்கள் பேசியதில் எந்த இடத்தில் அவர் உண்மையைச் சொன்னார் என்பது எனக்குத் தெரிந்தது. அந்த இடத்துக்குப் பிறகு அவள் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

அடுத்த முறை இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். அதற்குள் எனக்கு ஒன்று தோன்றியிருந்தது. இதுவரை நாங்கள் கழித்துக்கொண்டே வந்தோம். எதைச் சொல்லக்கூடாதோ அதைச் சுற்றி வேலி கட்டுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக எடுத்து எறிந்தோம். அந்தக் குறையையே சொல்லாகப் போட்டுத் தேடினால் என்ன? பார்வை குறைந்தவர்களை எடுத்துக்கொள்கிற இடங்கள் சில இருக்கின்றன, டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு அவர்களையே கேட்கிறார்கள் என்று வாசித்திருந்தேன். அவரிடம் சொன்னேன்.

அவர் முகம் மாறிவிட்டது. “குருடன்னு போட்டுத் தேடச் சொல்றீங்களா?”

“அப்படிச் சொல்லலண்ணே.”

“வேற எப்படிச் சொல்றீங்க? நேத்து வரைக்கும் மாஸ்டர். இன்னைக்கு ஊனமுற்றோர் கோட்டாவா?” அப்போது அந்தச் சொல்தான் புழக்கத்தில் இருந்தது. எழுந்து வெளியே போனார். படியில் ஒரு இடத்தில் தடுமாறினார். நிர்மலா என்னை ஒருதரம் பார்த்துவிட்டு அவர் பின்னால் ஓடினாள்.

நான் சொன்னது சரியான வழி. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒருவர் தன்னைப் பற்றி ஒரு சொல்லை ஏற்றுக்கொள்வதற்கு நாள் ஆகும். தேடுபொறிக்கு அது ஒரு நொடி. எனக்கும் ஒரு நொடிதான். அவருக்கு மட்டும் அது அப்படியில்லை. இதை நீங்கள் இந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறவரை பார்த்துக்கொண்டே இருப்பீர்கள்.

பிறகு பல வாரம் அவர் வரவில்லை. ஒருநாள் தனியாக, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். என்ன நடந்தது என்று அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

பட்டறையில் ஒரு பெரிய ஆர்டரில் நிறம் தவறிவிட்டது. நூல் முழுவதும் வீண். சாயத்தை நிறுத்துக் கொடுக்கிற முருகேசன் என்பவன் அளவு தப்பாகப் போட்டுவிட்டான் என்று முடிவு செய்து முதலாளி அவனை அன்றைக்கே நிறுத்திவிட்டார். தாமோதரன் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் மனசு கேட்காமல் முருகேசன் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

“அவன் பொண்டாட்டி சொம்புல தண்ணி கொண்டாந்து கொடுத்துட்டு, ‘அண்ணே, உங்க பேச்சுக்கு முதலாளி மதிப்புக் கொடுப்பாரு. இவருக்காக ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?’ன்னு கேட்டுச்சு. அந்தத் தண்ணி இறங்கல தங்கச்சி.” அன்றுதான் என்னை முதல்முறையாக அப்படிக் கூப்பிட்டார். “காலைல பட்டறைக்குப் போனதும் முதலாளிகிட்ட சொல்லிட்டேன். தப்பு முருகேசனோடது இல்ல. எனக்குக் கலர் தெரியல, தெரியாமப் போயி ஒரு வருஷத்துக்கு மேல ஆகுதுன்னு.”

“என்ன சொன்னார்?”

“நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காரச் சொன்னார். இம்புட்டு வருஷத்துல அவர் முன்னாடி நான் உக்காந்ததே இல்ல. முருகேசனைக் கூப்பிட ஆள் அனுப்பினார். எனக்குக் கணக்கை முடிச்சுக் கொடுத்தார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. கலர் தெரியாத டையிங் மாஸ்டரை வச்சு அவர் என்ன செய்வார்?”

பிறகு நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். “அந்த வார்த்தையைப் போடுங்க. எல்லாப் பேரும் போடுங்க. ஒண்ணும் விட்டுராதீங்க” என்றார்.

போட்டேன். ‘பார்வைக் குறைபாடு’ என்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனை பெயர் உண்டோ எல்லாவற்றையும் ‘ஆர்’ போட்டுச் சேர்த்தேன். அவர் ஒவ்வொன்றையும் என்னோடு சேர்ந்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். ‘டெலிபோன் ஆபரேட்டர்’ என்று மேற்கோள் குறிக்குள் வைத்து ‘அண்ட்’ போட்டேன்.

வேலைகள் வந்தன. சொற்பம்தான். அந்தச் சொற்பத்திலும் பாதியில் வயது இடித்தது. கண்ணுக்காக வேண்டாம் என்று சொல்லாதவர்கள் வயதுக்காக வேண்டாம் என்றார்கள். அவர் அதையும் கேட்டுக்கொண்டு, தல்லாகுளத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் டெலிபோன் போர்டு இயக்கப் பழகினார். நிர்மலா கூடவே போய்க் கூடவே வந்தாள். வீட்டில் தையல் மெஷின் வாங்கிப் போட்டாள்.

கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து மேனேஜர் போன் செய்தார். எங்கள் சென்டர் எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். தாமோதரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் வயதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேறொன்று கேட்டார்.

“இப்ப ஓரளவு தெரியுதுன்னு போட்டிருக்கீங்க. இது இப்படியே நிக்குமா, இல்ல முழுக்கப் போயிடுமா?”

இப்படியே நிற்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்ற பொய் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொன்னால் வேலை கிடைத்துவிடும். கையில் வேலை இல்லாமல் மாதங்கள் ஆகிவிட்ட வீடு. உண்மையைச் சொன்னால் அவர் வேண்டாம் என்று வைத்துவிடலாம். யோசிக்க நேரமில்லை. போனில் மௌனம் நீண்டால் அதுவே ஒரு பதில். நான் ரிசீவரைத் தாமோதரன் கையில் கொடுத்துவிட்டு, “உங்க கண்ணைப் பத்திக் கேக்குறாருண்ணே” என்று மட்டும் சொன்னேன்.

அவர் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “போயிடும் சார். முழுக்கப் போயிடும்னுதான் சொல்லியிருக்காங்க. போனப்புறமும் பார்க்கக்கூடிய வேலையா இப்பவே பழகிக்கிறேன். அதுக்குத்தான் உங்ககிட்ட கேக்குறேன்” என்றார்.

மேனேஜர் அடுத்த திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்.

இந்த இடத்தில் நிறுத்தினால் நன்றாக இருக்கும். என்னைப் பேசக் கூப்பிட்ட சில கூட்டங்களில் இந்த இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறேன். கைதட்டுவார்கள். ஆனால் நடந்தது இதோடு நிற்கவில்லை.

குடும்பத்தோடு திண்டுக்கல்லுக்குப் போனார்கள். பட்டறையில் வாங்கியதைவிடக் குறைந்த சம்பளம். ஆனால் அவர் அந்த வேலையில் நன்றாக இருந்தார். எந்த டாக்டர் எந்த நேரத்தில் எந்த அறையில் இருப்பார் என்று அத்தனையும் மனப்பாடம் என்று நிர்மலா போனில் சொல்வாள். அழுதுகொண்டு போன் செய்கிறவர்களிடம் அவர் அவசரப்பட மாட்டாராம். சில வருடங்களில் பார்வை முழுவதும் போய்விட்டது. டாக்டர்கள் சொன்னதுதான், எதிர்பார்த்ததுதான் என்று அவள் சொல்லி முடித்துவிட்டாள். வேலை அப்படியே இருந்தது.

பிறகு மருத்துவமனை பெரிதானது. புது நிர்வாகம் வந்தது. போன் செய்தால் தானே பேசுகிற இயந்திரம் ஒன்றை வைத்தார்கள். முன்பதிவுக்கு இந்த எண்ணை அழுத்து, மருந்தகத்துக்கு இந்த எண்ணை அழுத்து என்று அது சொல்லும். அதன் முதல் பதிவுக்கு யார் குரல் வேண்டும் என்று யோசித்து, தாமோதரனையே பேச வைத்தார்களாம். நல்ல குரல், ஜனங்களுக்குப் பழகிய குரல் என்று. பேசிக் கொடுத்தார். அந்த மாதக் கடைசியில் அவரை நிறுத்திவிட்டார்கள்.

நிர்மலா எனக்குப் போன் செய்தபோது நான் இந்த அலுவலகத்துக்கு வந்துவிட்டிருந்தேன். பெரிய கணினி, பணம் கட்டித் திறக்கிற தளங்கள், என் கீழே வேலை பார்க்க ஆட்கள். “பார்த்துச் சொல்றேன் நிர்மலா” என்றேன். பார்த்தேன். எனக்குத் தெரிந்த எல்லாச் சொல்லையும் போட்டேன். சேர்த்துப் பார்த்தேன், பிரித்துப் பார்த்தேன், ஊரை எடுத்துவிட்டுப் பார்த்தேன். ஆபரேட்டர் வேலை என்ற ஒன்றே அப்போது எல்லா இடத்திலும் போய்க்கொண்டிருந்தது. வேறு வேலைக்கு ஐம்பதைத் தாண்டியவரை, அதுவும் பார்வை இல்லாதவரை, யாரும் கேட்கவில்லை. தெரிந்த கம்பெனிகளுக்கெல்லாம் நானே பேசினேன். “பார்க்கலாம் மேடம்” என்றார்கள். அந்தப் ‘பார்க்கலாம்’ என்பதன் அர்த்தம் உங்களுக்கும் சீக்கிரம் தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகு அவருக்கு வேலை அமையவே இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மகள் படித்து முடித்து கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அவளோடு போய்விட்டார்கள். அதுவரை நிர்மலாவின் தையலில்தான் வீடு நடந்தது.

என்னிடம் பதில் கேட்டு நிர்மலா மறுபடி போன் செய்யவில்லை. நான் நல்ல செய்தியோடு கூப்பிடுவேன் என்று காத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒரு மின்னஞ்சல் போடலாம். போனில் சொல்லலாம். பெரும்பாலான அலுவலகங்களில் அதுகூடச் செய்வதில்லை. பதில் வராததே பதில் என்று அவர்களே புரிந்துகொள்ள விட்டுவிடுவோம். எனக்கு அது முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரப்பாளையத்தில் திண்டுக்கல் பஸ் ஏறினேன். என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று வழி நெடுக யோசித்தேன். வாடிப்பட்டி தாண்டியதும் யோசிப்பதை விட்டுவிட்டேன்.

சின்ன வாடகை வீடு. கதவைத் தட்டியதும் தாமோதரன்தான் திறந்தார். “யாரு?” என்றார்.

“நான்தாண்ணே. மதுரையில இருந்து வாரேன்.”

குரல் புரிந்தது. முகம் மலர்ந்து, பிறகு மெதுவாகச் சாதாரணமானது.

“இருந்திருந்தா போன்லயே சொல்லியிருப்பீங்க” என்றார். “இம்புட்டுத் தூரம் நேர்ல வந்திருக்கீங்கன்னா இல்லைன்னு அர்த்தம். பரவாயில்ல. உள்ள வாங்க தங்கச்சி. உக்காருங்க. காபி குடிச்சிட்டுச் சொல்லுங்க.”

சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் நிர்மலா கொண்டுவந்த காபியைக் குடித்துவிட்டு, எங்கெங்கே தேடினேன், யார் யாரிடம் கேட்டேன், எதுவும் அமையவில்லை என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நடுவில் குறுக்கிடவில்லை. நிர்மலா காலி தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.